வான்பேசியா கூரைநெட்டா

அத்தியாயம் மூன்று

முந்தைய இரண்டு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். முதல் அத்தியாயத்தில் ஒரு மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்தோம். குடிப்பார். இரண்டாவதில் அவர் இன்னும் குடிக்கிறாரா என்று பெண்வீட்டார் மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் 'ரேணுகா துப்பறியும் நிலையம்' இப்படிப்பட்ட மர்மங்களை வைத்துத்தான் வாடகை கட்டிக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஞானம்மாள் படியேறி வந்தார்.

என் பெயர் உத்தமன். நிலையத்தின் உதவியாளர், டிரைவர், பியூன், சில சமயம் மாப்பிள்ளையின் போலி நண்பன். எழுதும்போது ஒழுங்காக எழுதுவேன். வாயைத் திறந்தால் எங்கள் ஊர் முத்தாபுதுப்பேட்டை பாஷை வந்துவிடும்.

ரேணுகா அக்கா என் முதலாளி. பதினோரு வருஷம் ஒரு மொபைல் கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை பார்த்தவள். தினம் இருநூறு பேர் பொய் சொல்வதைக் காதில் வாங்கி, பதிலுக்குத் தானும் கம்பெனி சார்பாகப் பொய் சொல்லிப் பழகியதில், மனிதக் குரலில் எந்த இடத்தில் ஓட்டை விழும் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஞானம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். கணவர் கோவிந்தராஜ் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து, போன மாதம்தான் ரிடையர் ஆகியிருந்தார். நாற்பது நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்மா. பழைய வீடுதான், ஆனா நல்ல காத்து. கையில வந்த பணம் பதினெட்டு லட்சம். அட்வான்ஸ் போட்டு, மீதிக்கு லோன் போட்டா முடிஞ்சிரும். இவரு என்னடான்னா அந்தப் பதினெட்டையும் போன் கம்பெனியில போடப் போறேங்கறாரு. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட ஷேர் புக்கிங் முடியுதாம்."

"எந்தக் கம்பெனி?"

"அங்கதாம்மா சண்டையே. ரெண்டு கம்பெனி."

ஒரு முழுநீளத் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. கோவிந்தராஜின் கையெழுத்து மணிமணியாக இருந்தது. இடது பக்கம் 'வான்பேசி டெலிடெக்', வலது பக்கம் 'கூரைநெட் வயர்லெஸ்'. நடுவில் பதினாலு வரிசைகளில் கேள்விகள். அடியில் 'ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

விஷயம் இதுதான். வான்பேசிக்காரர்கள் சொல்வது: இனிமேல் டவரே கிடையாது, போன் நேராகச் சாட்டிலைட்டோடு பேசும். கூரைநெட்காரர்கள் சொல்வது: சாட்டிலைட் மழை பெய்தால் படுத்துக்கொள்ளும், வீட்டுக்கு வீடு கூரையில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் போதும், பேச்சு கூரைக்குக் கூரை தாவிப் போய்விடும், குத்தம்பாக்கம் பஸ் நிலையத்தில் ஆரம்பித்தாகிவிட்டது. அடுத்த வருஷம் நாட்டுக்கு ஒரே ஸ்டாண்டர்டு என்று அரசாங்கம் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாம். ஜெயிக்கிற கம்பெனியில் பணம் போட்டவன் ராஜா, தோற்கிற கம்பெனியில் போட்டவன் கூஜா. குவார்ட்டர்ஸே இரண்டாகப் பிரிந்து, சாட்டிலைட் கட்சி, கூரைக் கட்சி என்று டீக்கடையில் பெஞ்சு பிரித்து உட்கார்ந்தார்களாம்.

"இதுல இன்னாக்கா தப்பு கீது? எங்க நைனா கூட இப்டித்தான்," என்றேன். "இருவது வருஷம் முன்னாடி சிம் போடற போனா, சிம் இல்லாத போனான்னு ஊர்ல போட்டி. எங்க நைனா சிம் இல்லாத கட்சி. கடையே போட்டாரு. அந்த அலை ஊரை உட்டே போனப்ப கையில நூத்திப்பத்து போன் கெடந்துச்சு. தங்கச்சி கல்யாணத்துல தேங்காப் பைக்குள்ள போட்டுக் குடுத்துட்டோம்."

ரேணுகா அக்கா சிரிக்கவில்லை. "அது நஷ்டம், உத்தமா. மோசடி இல்ல. எந்த அலை ஜெயிக்கும்னு கம்பெனிக்காரனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்னு ஒருத்தன் சொன்னா, அவனைத்தான் பாக்கணும்." ஞானம்மாளிடம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் சாயறார்?"

"போன ஞாயித்துக்கெழமை வான்பேசிக்காரங்க பஸ் வெச்சு அம்பத்தூர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி, சாம்பார் சாதம் போட்டு, போன்ல ஃபார்ம் ஃபில் பண்ண வெச்சு, எல்லாத்தையும் காட்டினாங்க. அதுல இருந்து அந்தப் பக்கம். 'அது தப்புன்னு நிரூபிச்சுக் காட்டு, நான் போடல'ன்னு சொல்றாரு."

"நிரூபிச்சிரலாம்," என்றாள் அக்கா. இந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது பிற்பாடு தெரிந்தது.

*

வான்பேசியின் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், நட்டு போல்ட்டு கம்பெனி ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. நான் முத்தாபுதுப்பேட்டையில் நிலம் விற்ற பணக்காரன், ரேணுகா என் அக்கா என்பது ஏற்பாடு. வரவேற்பறையில் சிம்ரன் என்ற பெண் இருந்தாள்.

"ஃபார்ம் எல்லாம் ஆன்லைன்தான் சார். எங்க வைஃபையில கனெக்ட் பண்ணிக்கோங்க."

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வைஃபை பெயர் 'ஸ்வீட் ஹோம் 2'. பாஸ்வேர்டு 'நம்பிக்கை123', இங்கிலீஷ் எழுத்தில். சாட்டிலைட்டோடு பேசும் கம்பெனிக்கு எதற்கு வைஃபை என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தாள். கனெக்ட் செய்து, நிலம் விற்றவனுக்குரிய மிடுக்கோடு ஃபார்மை நிரப்பினேன்.

ஏஜென்ட் ஸ்ரீகாந்த் வந்தான். கஞ்சி போட்ட சட்டை, காதில் ஒரு கருப்புக் குமிழ். செங்கல் தண்டிக்கு ஒரு போனை எடுத்துக் காட்டி, "இதுக்கும் ஊர்ல இருக்கற டவருக்கும் சம்பந்தமே கிடையாது" என்று சொல்லி யாருக்கோ போன் போட்டான். குரல் பளிச்சென்று வந்தது. கூரைநெட்காரர்கள் ஊரை ஏமாற்றும் பிராடுகள், அவர்களுடைய ஏஜென்ட் ஜீவா என்பவன் பேச்சைக் கேட்டால் நடுத்தெருதான் என்று பத்து நிமிஷம் திட்டினான்.

"மாடியில டிஷ் வெச்சிருக்கீங்களாமே, பாக்கலாமா?" என்றாள் அக்கா.

"தாராளமா பாருங்க மேடம்." சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தான். போனை மேஜைமேல் வைத்தான். "நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன். இருபது நிமிஷம் ஆகும்." போய்விட்டான்.

மாடிக்குப் போனோம். அக்கம்பக்கத்து வீடுகளின் டிவி டிஷ்கள் எல்லாம் ஒரே திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வான்பேசியின் டிஷ் மட்டும் குனிந்து எதிரே இருந்த பரோட்டாக் கடையைப் பார்த்தது. அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது எந்தச் சாட்டிலைட்டுக்கும் போகவில்லை, எந்தப் பெட்டிக்கும் போகவில்லை. துணி காயப்போடும் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது. மேலே இரண்டு பனியன் காய்ந்தன.

"வானத்துல இருந்து வர்ற சிக்னல் ஈரமா வருதுபோல கீது. அதான் காயப் போட்டுகீறாங்க," என்றேன்.

கீழே வந்தால் செங்கல் போன் மேஜையிலேயே கிடந்தது. அந்த நேரம் பார்த்து 'டிங்' என்றது. 'உங்கள் ரீசார்ஜ் பேக் இன்றுடன் முடிகிறது' என்று ஊருக்கே வரும் அதே மெசேஜ். பின்மூடியை நகத்தால் நெம்பினேன். உள்ளே சாதாரண சிம், பெட்டிக்கடையில் கொடுக்கிற ரகம். அக்கா டிஷ், பனியன், சிம், மெசேஜ் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். பன்னிரண்டு மணிக்குள் அவை ஞானம்மாளின் போனுக்குப் போய்விட்டன.

"இருவது நிமிசத்துல கேஸு முடிஞ்சிச்சி. மாப்ள கேஸுக்கே ஒம்போது நாள் ஆச்சு," என்று பெருமைப்பட்டேன். அப்புறம் ஓ.டி.யில் பிரியாணி சாப்பிட்டோம். வெற்றிக் களைப்பில் நான் ஆபீஸ் பெஞ்சில் கொஞ்சம் கண்ணசந்தேன்.

*

மூன்றரை மணிக்கு ஞானம்மாளிடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீ அனுப்பின படத்தைக் காட்டினேன்மா. அவரு பிரிண்டு போட்டு டீக்கடையில எல்லாருக்கும் காமிச்சிட்டாரு. சாட்டிலைட் கட்சியே கலைஞ்சு போச்சு."

"நல்லதும்மா."

"என்ன நல்லது? அத்தனை பேரும் இப்போ கூரைநெட்ல போட பூந்தமல்லிக்குக் கெளம்பறாங்க. என்னையும் கூட வரச் சொல்றாரு. 'ரெண்டுல ஒண்ணு ரிஜெக்ட் ஆயிடுச்சு, அப்ப இன்னொண்ணு பாஸ்'னு அந்தத் தாள்ல டிக் போட்டுட்டாரு." குரல் உடைந்தது. "உன்னை வெச்சு நானே அவரைத் தள்ளி விட்ட மாதிரி ஆயிடுச்சேம்மா."

போன் கட்டானது.  

"உத்தமா, ஸ்ரீகாந்த் டீ குடிக்கப் போனானே. நமக்கு டீ வாங்கிட்டு வந்தானா?"

"இல்லக்கா."

"வேணுமான்னு கேட்டானா?"

"கேக்கல. நானும் அதத்தான் அப்போவே நெனச்சேன், இன்னா மனுசன் இவன்னு."

"பாலிசி ஏஜென்ட், சீட்டுக் கம்பெனிக்காரன், மனை விக்கறவன், எத்தனை பேரைப் பாத்திருக்கோம். பணம் போட வந்த பார்ட்டிக்கு டீ சொல்லாத ஏஜென்ட் எவனாவது உண்டா?"

யோசித்துப் பார்த்தேன். கிடையாது. எங்கள் தெருவில் மனை விற்க வந்தவன் டீயோடு பன்னும் வாங்கிக் கொடுத்தான். என்னிடம் மனை வாங்கக் காசில்லை என்று தெரிந்த பிறகுகூட பன்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

"அவனுக்கு நம்ம பணம் வேண்டாம்," என்றாள் அக்கா. "நாம கண்டுபிடிக்கறதுதான் வேணும். சாவியைக் கையில கொடுத்தான். போனை மேஜையில வெச்சான். இருபது நிமிஷம் டைமும் கொடுத்தான். நாம போகலேன்னா வேற யாராவது போயிருப்பாங்க. வான்பேசி பிராடுன்னு இன்னைக்கு மத்தியானம் ஊருக்குத் தெரிஞ்சே ஆகணும். அதுல யாருக்கு லாபம்?"

"கூரைநெட்டுக்கு." நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். "ரெண்டும் ஒரே ஆளா?"

"தெரியாது. நிரூபிக்க ஒண்ணும் இல்ல கையில. வண்டியை எடு."

*

அயனம்பாக்கம், திருவேற்காடு வழியாக என் பைக்கை விரட்டினேன். வழியில் நான்கு பள்ளம், ஒரு எருமை, ஒரு கல்யாண ஊர்வலம். பூந்தமல்லி மண்டபத்தை அடைந்தபோது மணி நாலு இருபத்தைந்து.

கூட்டம் நடந்த இடம் கல்யாண மண்டபத்தின் தரைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கூடம். இலை போட்டுப் பந்தி நடத்தும் இடத்தில் இப்போது நாற்பது ஆண்கள் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நாங்கள் முதலில் பார்த்தது அவர்களை அல்ல. தெருவிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு முழுக்கப் பெண்கள். கையில் போன். ஒவ்வொருத்தியும் கீழே எட்டிப் பார்த்து ஆறு எண்களாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நாலு, ஒம்பது, ஒண்ணு, ஒண்ணு, சைபர், ஏழு!"

"தப்புன்னு வருதுடி, இன்னொரு தடவை பாத்துச் சொல்லு!" என்று கீழேயிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

கிளப்பில் எண் சொல்லி ஆடும் தம்போலாவை விளையாடுகிறார்களோ என்று நினைத்தேன். கோமளா என்று ஒரு அம்மாள் விளக்கினார். ஃபேக்டரிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பகலில் பேங்கிலிருந்து ஏதாவது வந்தால் யார் பார்ப்பது? அதனால் குவார்ட்டர்ஸில் பாதிக்கு மேல் குடும்பத்தில் பேங்க் கணக்கு புருஷன் பெயரில், போன் நம்பர் மனைவியுடையது. பணம் அனுப்பப் புருஷன் பட்டனை அழுத்தினால், ஓ.டி.பி. மனைவிக்கு வரும். கீழ்த்தளத்தில் சிக்னலே கிடையாது. அதனால் பெண்கள் மேலே, ஆண்கள் கீழே.

புதுயுகத்து போன் கம்பெனியின் கூட்டத்தில் சிக்னல் இல்லை என்பதில் யாருக்கும் வருத்தமில்லை. "அதுக்காகத்தானே சார் நம்ம பெட்டி வரணும்" என்று ஜீவா மைக்கில் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தான். ஒல்லியாக, சாமியார் மாதிரி தாடி வைத்த ஆள். "வான்பேசிக்காரன் யோக்கியதையைத்தான் இன்னைக்குப் பாத்தீங்களே" என்று நாங்கள் எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினான். எங்கள் பனியன் படம் இரண்டாள் உயரத்துக்குத் தெரிந்தது.

படிக்கட்டின் நடுவில் ஞானம்மாள் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தார்.

கூடத்துக்குள் இறங்கினோம். அக்கா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தாள். சொல்வதற்கு எங்களிடம் இருந்தது ஒரு டீ மட்டும்தான், அதுவும் வராத டீ. அந்த நேரத்தில் என் போன் கிணுகிணுத்தது. எங்கள் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்: 'வரும்போது கொத்தமல்லி'.

"இந்தக் கெழவி வேற," என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இங்க சிக்னல் இல்லையே. எப்படி வந்துச்சு?"

எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கட்டை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் வைஃபை குறி மட்டும் முழுசாக நின்றது. நான் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. எதிலும் கனெக்ட் செய்யவில்லை. விரலால் தட்டிப் பார்த்தேன்.

ஸ்வீட் ஹோம் 2.

அக்காவின் முகத்தில் பதினோரு வருஷக் கஸ்டமர் கேர் புன்னகை வந்தது. நேராக மேடைக்கு நடந்து, ஜீவாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். தாலி கட்டும் நேரத்தில் புரோகிதர் சொம்பை வாங்குவது மாதிரி அவ்வளவு இயல்பாக வாங்கியதால் அவனும் கொடுத்துவிட்டான்.

"வணக்கம். உங்க எல்லார் போன்லயும் நெட் வருதா?"

"வருது, வருது."

"இந்த மண்டபத்துல யாராவது உங்ககிட்ட வைஃபை பாஸ்வேர்டு சொன்னாங்களா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லவில்லை.

"அப்போ எப்படி வருது? வைஃபை பேரைப் பாருங்க. ஞாயித்துக்கெழமை அம்பத்தூர்ல வான்பேசி ஆபீஸ்ல சாம்பார் சாதம் சாப்பிட்டீங்களே, அன்னைக்கு ஃபார்ம் ஃபில் பண்ண ஒரு வைஃபை போட்டீங்க. அதே பேர். அதே பாஸ்வேர்டு. போனுக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு தடவை கை குடுத்த ஆளைப் பாத்தா மறுபடி தானா கை குடுத்துரும். வான்பேசியோட வைஃபைக்கு கூரைநெட் கூட்டத்துல என்ன வேலை?"

நாற்பது தலைகள் நாற்பது போன்களுக்குள் குனிந்தன. ஜீவா மேடைத் திரைக்குப் பின்னால் பாய்ந்து எதையோ பிடுங்கினான். அதே நொடியில் நாற்பது போன்களிலும் வைஃபை குறி அணைந்தது. அவன் சும்மா இருந்திருந்தால்கூட அரைமணி நேரம் வாதாடியிருக்கலாம்.

திரையை நான் விலக்கினேன். கையில் ரவுட்டரோடு ஜீவா. பக்கத்தில் பாத்திரம் கழுவும் திண்டின்மேல் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவன் ஸ்ரீகாந்த். மத்தியானம் அம்பத்தூர் கடையை மூடிவிட்டு ரவுட்டரைத் தூக்கி வந்தவன் அவனேதான். புதுசாக ஒரு ரவுட்டர் வாங்க ஆயிரத்தைந்நூறு ரூபாய் செலவு செய்ய இவர்களுக்கு மனசு வரவில்லை.

"இன்னா மாமே, ரெண்டு கம்பெனிக்கும் ஒரே பொட்டியா? போட்டி ஜாஸ்தின்னாங்களே," என்றேன். அவன் பஜ்ஜியைக் கீழே வைக்கவில்லை.

குவார்ட்டர்ஸ்காரர்கள் இருவரையும் சூழ்ந்துகொண்டார்கள். அடிக்கவில்லை. போலீஸ் வரும்வரை நகரவும் விடவில்லை. அந்த அமளியில் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, ரொம்ப நேர்மையாக ஒரு சந்தேகம் கேட்டார். "அப்போ கூரைநெட்டும் பிராடுன்னா, வான்பேசி நல்ல கம்பெனியா மேடம்?"

அக்கா மைக்கைக் கீழே வைத்தாள்.

கோவிந்தராஜ் முதல் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மடியில் அந்த ஒப்பீட்டுத் தாள். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்ஸ்ல இருந்தீங்க. ஒரே ஆள் மூணு லெட்டர்பேடுல மூணு கொட்டேஷன் கொண்டாந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்."

"தெரியும்மா." தாளை நாலாக மடித்தார். "விளக்கமாறு வாங்கணும்னாலும் மூணு கொட்டேஷன் வேணும். சப்ளையரே மூணையும் கொண்டாருவான். மூணுலயும் ஒரே கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்த்தாச்சுன்னு எழுதி நான்தான் கையெழுத்துப் போடுவேன். அதுல தப்பே தோணினது இல்ல." நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஏன்னா சரக்கு ஒழுங்கா வந்துரும்மா. விளக்கமாறு வந்துரும்."



போய்ச்சேர்ந்த பணம் எவ்வளவு என்று விசாரித்ததில், ஒரே ஒருவர்தான் முழுசாக அனுப்பியிருந்தார். முனியன் என்ற பெயின்டர். நாலு லட்சம். மனைவி இறந்து ஆறு வருஷம். ஓ.டி.பி. அவர் போனுக்கே வந்தது. தெருவுக்கு ஏறி வந்து தானே பார்த்து, ஓடிப் போய்த் தானே போட்டிருக்கிறார். "உங்க படத்தைப் பாத்துத்தான்மா நம்பினேன்," என்று அக்காவிடம் கோபமில்லாமல் சொன்னார். அக்கா அவர் கையிலிருந்து போனை வாங்கி, தெருவுக்கு ஓடி, 1930 சைபர் ஹெல்ப்லைனுக்குத் தானே பேசினாள். இருபத்தைந்து நிமிஷத்துக்குள் சொன்னதால் அந்தக் கணக்கை முடக்கப் பார்க்கிறோம் என்றார்கள். பார்க்கிறோம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அக்கா பேசிமுடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

படிக்கட்டின் மேல்படியில் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தார். பெண்கள் எல்லாரும் கலைந்து, கீழே புருஷன்களைத் தேடிப் போயிருந்தார்கள்.

"உங்க பணம் போகலைம்மா," என்றாள் அக்கா. "கடைசி நேரத்துல வந்து சேர்ந்தோம்."

"நாலு மணி பத்துக்கே முடிஞ்சுபோச்சும்மா."

"என்ன முடிஞ்சுது?"

ஞானம்மாள் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு தடவை நம்பர் கேட்டாரு. மூணு தடவையும் கடைசி எண்ணை மாத்திச் சொன்னேன். பேங்க்காரன் நாளைக்கு வரைக்கும் லாக் பண்ணிட்டான். கோமளாகிட்டயும் அப்படியே சொல்லுன்னேன். அவ இந்தப் படிக்கட்டு முழுக்கச் சொல்லிட்டா."

என் பைக்கில் பட்ட நான்கு பள்ளங்களும் ஒருசேர ஞாபகம் வந்தன. தலையைச் சொறிந்தேன்.

"அப்புறம் எதுக்கும்மா காலையில எங்ககிட்ட வந்தீங்க?" என்றாள் அக்கா.

"அவர்கிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லைம்மா. இன்னைக்குச் சொல்றதுன்னு காலையில எழுந்திரிக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். எனக்கு அந்த வீடு வேணும். ஆனா அதுல ஏதாவது ஒரு கம்பெனி நெஜமாவே நல்ல கம்பெனியா இருந்து, என்னால அவருக்கு வர வேண்டிய அதிர்ஷ்டம் போயிட்டா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். இப்போ நிம்மதியா இருக்கு."

கோவிந்தராஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். மனைவியைப் பார்த்ததும் நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் இருந்த பேனாக்களைச் சரிசெய்தார்.

"பருத்திப்பட்டுக்காரருக்கு போன் பண்ணு ஞானம். நாளைக்கு அட்வான்ஸ் தர்றோம்னு சொல்லிடு." பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, கீழ சிக்னல் சரியில்ல. அந்த நெட்வொர்க்தான் இன்னைக்கு நம்மளைக் காப்பாத்துச்சு."

ஞானம்மாள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்க," என்றார்.